சோற்றோடு நமக்கு என்ன சண்டை?

தீபாவளிக்கு மறுநாள் எந்த வீட்டிலும் ஒரு சம்படம் நிறையப் பலகாரம் இருக்கும். அதைச் சுற்றி நடப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும், அந்த வீட்டில் யாருக்குச் சாப்பாட்டைப் பார்த்தால் என்ன பயம் என்று தெரிந்துவிடும். பாட்டி, "வீணாப் போகுது பாரு, இன்னொண்ணு எடுத்துக்கோ" என்று எல்லார் கையிலும் அதிரசத்தைத் திணிப்பார். சர்க்கரை உள்ள அப்பா எல்லார் முன்னாலும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் விளக்கைக்கூடப் போடாமல் இரண்டு மைசூர்பாகை விழுங்கிவிட்டு வருவார். கல்லூரியில் படிக்கிற மகள், ஒரு ஜாங்கிரிக்கு எத்தனை கலோரி என்று போனில் தேடிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தொடாமல் இருப்பாள். மூன்றாம் நாள் ஒரே மூச்சில் ஆறு ஜாங்கிரி உள்ளே போகும். அப்புறம், ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அம்மா என்ன சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. சம்படத்தைக் கழுவப் போடும் முன் உடைந்த துண்டையும் தூளையும் வாயில் போட்டுக்கொண்டிருப்பார். அது அவர் கணக்கிலேயே வராது.

நான்கு பேரும் பலகாரம் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவராவது உட்கார்ந்து, ருசித்து, போதும் என்று எழுந்தாரா என்றால் இல்லை.

இந்த மாதிரி வீடுகளுக்கு இப்போது கிடைக்கிற அறிவுரை எல்லாமே ஒரே பக்கம்தான் சாயும்: வாயைக் கட்டு. பேலியோ வந்தபோது அரிசியைக் கட்டச் சொன்னார்கள், சிறுதானியம் வந்தபோது வெள்ளை அரிசியை மட்டும் கட்டச் சொன்னார்கள், பிறகு 16 மணி நேரம் வாயையே கட்டச் சொன்னார்கள். சொன்னவர்களில் பலர் நல்ல நோக்கத்தோடு சொன்னவர்கள்தான். சிலருக்குப் பலனும் கிடைத்தது. ஆனால் பெரும்பாலானவர்களிடம் இருக்கும் சிக்கல் கட்டுப்பாடு இல்லாததால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டுப்பாட்டினால் வந்தது அது. பசியும் மனசும் எப்படி வேலை செய்கின்றன என்று கடந்த எண்பது வருட ஆய்வுகள் சொல்வதைப் பார்த்தால் இது புரியும்.

அதற்கு முன் பாட்டிக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அவர் பயம் அனுபவத்தில் விளைந்தது. மானாவாரி ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்புகூட கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு நல்ல நாளுக்கும் விருந்தாளிக்கும். 1960-களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தது என்றால், 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்பதே தி.மு.க.வின் பெரிய வாக்குறுதிகளில் ஒன்றாக இருந்தது. ரேஷனில் அரிசி இலவசமானது 2011 ஜூனில்தான். அந்தக் காலத்தைப் பார்த்தவருக்கு மிச்சம் வைத்த தட்டு மனசைப் பிசையத்தான் செய்யும். அவர் பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் அதே அரிசி வில்லனாகிவிட்டது. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் இருப்பதாகவும் கணக்கிட்டது. ஆக அப்பாவின் பயமும் கற்பனை இல்லை. 'கிடைக்காமல் போய்விடுமோ' என்ற பயமும் 'சாப்பிட்டால் கெட்டுவிடுமோ' என்ற பயமும் ஒரே சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

பட்டினி மனசை என்ன செய்யும் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் திரும்பிப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தொடங்கியது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் கிடந்தார்கள். அவர்களுக்குத் திரும்ப எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் தராது என்று போருக்குப் போக மறுத்த இளைஞர்களில் 36 பேர், இந்தச் சோதனைக்குத் தாங்களாக முன்வந்தார்கள். எல்லாரும் உடலாலும் மனதாலும் திடமானவர்கள் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பல்கலைக்கழக விளையாட்டு அரங்கத்தின் அடியில் இருந்த அறைகளில் தங்கினார்கள்.

முதல் 12 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் சராசரியாக 1,570 கலோரி, இரண்டே வேளை: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, முட்டைக்கோஸ், மக்ரோனி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. நாடி மெதுவானது, கோடையிலும் குளிர்ந்தது, பெண்கள் மேல் இருந்த ஆர்வமெல்லாம் வற்றிப்போனது.

எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, சமையலில் எந்த அக்கறையும் இல்லாதிருந்த இந்த இளைஞர்கள் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தது. ராத்திரி படுத்துக்கொண்டு அவற்றைக் கதை போலப் படித்தார்கள். கனவில் சாப்பாடு வந்தது. தட்டில் இருந்த கொஞ்சத்தை மணிக்கணக்கில் பிசைந்து, தண்ணீர் கலந்து பெருக்கி, கடைசியில் தட்டை நக்கினார்கள். சூயிங்கம் மெல்வது எல்லை மீறிப்போனது. காபிக்கு நாளுக்கு 9 கப் என்று வரம்பு வைக்க வேண்டியிருந்தது. வெளியே போய்த் திருட்டுத்தனமாக எதையாவது சாப்பிட்டுவிடக் கூடாது என்று, துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்றும் விதி வந்தது. அப்படியும் சிலர் மாட்டிக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு, தங்களையே நொந்துகொண்டு அழுதவர்கள் உண்டு.

இன்னும் முக்கியமானது பிறகு நடந்தது. கட்டுப்பாடு நீங்கி வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றானதும் பலருக்கு வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. வாந்தி எடுக்கும் வரை சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். உடம்பில் தசை திரும்பி வருவதற்கு முன்பே கொழுப்பு திரும்பியது. பழைய அளவையும் தாண்டிப் போனது. மாதக்கணக்கில் கழித்துத்தான் எல்லாம் சமநிலைக்கு வந்தது. அவர்களில் மூன்று பேர் பிற்காலத்தில் சமையல்காரர்களாகவே ஆகிவிட்டார்கள்.

அந்த 1,570 என்ற எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஜிம்மிலும் செயலியிலும் பெண்களுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் டயட் சார்ட்டில் 1,200 என்றுதான் இருக்கும். மினசோட்டா ஆட்கள் நிறைய நடந்த இளைஞர்கள், அதனால் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்குப் பிரியாணி செய்யும் வீடியோவை ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்து "உனக்கு நாக்கு அடங்கலை" என்று சொல்வதற்கு முன், அவள் பகலில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பது நல்லது. அரைப் பட்டினியில் இருக்கிற மூளை உணவைத் தவிர வேறெதையும் யோசிக்காது. அதுதான் அதன் வேலை.

சரி, பட்டினி கிடக்காமல் வெறுமனே 'இதைத் தொடக் கூடாது' என்று மனசில் விதி வைத்துக்கொண்டால்? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளை அழைத்து, சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் ருசி பார்த்து மதிப்பெண் போடுவதற்கென்று ஐஸ்க்ரீமை முன்னால் வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். உணவு விஷயத்தில் அலட்டிக்கொள்ளாத மாணவிகள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்க்ரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். இயல்பான விஷயம். எப்போதும் எடையைப் பற்றிக் கவலைப்பட்டு வாயைக் கட்டுகிறவர்கள்தான் தலைகீழாக நடந்துகொண்டார்கள்: மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்க்ரீமையும் அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? காலையிலேயே ஒரு வடை சாப்பிட்டாயிற்று, இன்றைய டயட் போச்சு, இனி திங்கட்கிழமையிலிருந்துதான் என்று முடிவாகிவிட்டால், திங்கள் வரை இருக்கிற இரண்டு நாளும் திருவிழா. நாளை முதல் கிடைக்காது என்பதால் இன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஒரு வடை ஒருவரை ஒன்றும் செய்துவிடாது. 'போச்சு' என்ற எண்ணம் கூட்டி வருகிற மற்ற பதினைந்து வடையும் பஜ்ஜியும்தான் சிக்கல்.

குற்ற உணர்ச்சி இருந்தால்தானே அடுத்த முறை ஜாக்கிரதையாக இருப்போம் என்று ஒரு வாதம் உண்டு. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. சாக்லேட் கேக் என்றதும் உங்களுக்கு முதலில் வருவது கொண்டாட்டமா, குற்ற உணர்ச்சியா என்று கேட்டு, பின்னர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். குற்ற உணர்ச்சி என்றவர்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமாகச் சாப்பிடவும் இல்லை. எடையைக் கட்டுக்குள் வைக்க நினைத்தவர்களில் அவர்கள்தான் ஒன்றரை வருடத்தில் பின்தங்கியிருந்தார்கள்.

இதைப் படிக்கும் யாராவது, அப்படியானால் விரதம் இருப்பவர்கள் எல்லாம் என்ன ஆவது என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கிருத்திகை, ஏகாதசி, ரமலான் நோன்பு, தவக்காலம் என்று நம்மைச் சுற்றி நிறைய பேர் காலங்காலமாக இருந்து வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது உணவின் மேல் வெறியைக் கிளப்புவதில்லை. காரணம் பெரிய ரகசியமில்லை என்று தோன்றுகிறது. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரியும். முடியும்போது பாரணைக்கு என்ன சமையல், இஃப்தாருக்கு என்ன கஞ்சி என்பதும் தெரியும். கூட நாலு பேர் இருப்பார்கள். யாரும் அதை இடுப்பு அளவைக் குறைக்க இருப்பதில்லை, அதனால் தவறினாலும் உடம்பின் மேல் கோபம் வருவதில்லை. டயட்டில் இந்த நான்கும் கிடையாது. இப்போது விரதத்தையே எடைக் குறைப்புக்காக இருக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அங்கே கதை டயட் பக்கம் சாய்ந்துவிடும்.

பசி என்பது வயிறு காலியானதும் அடிக்கிற மணி என்றுதான் நாம் நினைக்கிறோம். உடம்பு அதைவிடப் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்துக்குச் சற்று முன்பு ஏறி, சாப்பிட்டதும் இறங்கிவிடும். நாலு மணிக்கு டீ குடித்துப் பழகியவருக்கு மூன்றே முக்காலுக்குக் கை பரபரப்பது இதனால்தான். எதிர்ப்பக்கம், போதும் என்று சொல்லும் குடல் ஹார்மோன்கள் வேலையைத் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுகிறவர் அந்தச் செய்தி வருவதற்கு முன்பே மூன்றாவது முறை சோறு வாங்கியிருப்பார்.

எடை குறைத்தவர்களிடம் இந்த ஏற்பாடு இன்னும் பிடிவாதமாகிறது. 2011-ல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பிரியா சுமித்ரன் குழு, கடும் டயட்டில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும் பசி ஹார்மோன்கள் உயர்ந்தே இருந்தன. போதும் என்று சொல்பவை தாழ்ந்தே இருந்தன. குறைத்த எடை திரும்ப வந்ததும் "எனக்கு மனவுறுதி பத்தலை" என்று சொல்கிறவர்களுக்கு இதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம். 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்களில் பலரும் சொல்வது, தலைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு நின்றுவிட்டது என்பதுதான். ஒரு ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்து அந்த நினைப்பை நிறுத்துகிறது என்றால், இத்தனை நாளும் அதைக் குணக்கேடு என்று சொல்லி வந்தது என்ன நியாயம்?

ஆக, உணவோடு நிம்மதியாக இருக்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது சுவாரசியமே இல்லாத ஒரு வேலை: வேளைக்குச் சாப்பிடுவது. நம் வீடுகளில் இதில் அதிகம் தவறுகிறவர்கள் பெண்கள். காலையில் எல்லாருக்கும் டப்பா கட்டி அனுப்பிவிட்டு ஒரு டம்ளர் காபி, பதினொன்றரைக்கு மிச்சமிருந்த ஆறிய தோசை, இரண்டரை மணிக்கு நின்றபடியே அடிச்சோறு. குழம்புச் சட்டியில் ஒட்டியிருக்கிறதே என்று அதிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதும் உண்டு. ருசி என்னவோ அதில்தான் அதிகம் என்று சத்தியம் செய்பவர்களை நான் அறிவேன், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் இப்படி நாள் முழுக்கப் பசியையும் மீறி, பசியில்லாமலும் சாப்பிட்டு வந்தால் கொஞ்ச நாளில் எது பசி, எது களைப்பு, எது வெறும் எரிச்சல் என்றே தெரியாமல் போய்விடும். சாயங்காலம் மிக்சர் பாக்கெட்டில் கை போனால் திரும்பி வராது. இவருக்கு டயட் சார்ட் கொடுப்பதில் அர்த்தமில்லை. மதியம் ஒரு மணிக்குத் தனக்கென்று ஒரு தட்டு போட்டு உட்கார வேண்டும். வீட்டில் மற்றவர்கள் அதற்கு இடம் விட வேண்டும். பல வீடுகளில் இரண்டாவதுதான் கடினம்.

இந்த இடத்தில் இன்னொரு கோஷ்டி வந்து சேரும்: உடம்பு கேட்பதைச் சாப்பிடு, அதற்கு எல்லாம் தெரியும் என்று சொல்பவர்கள். பாதி உண்மை. சோறு, குழம்பு, கூட்டு, மோர் இருக்கிற தட்டின் முன்னால் உடம்பு சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். சிப்ஸ் பாக்கெட்டின் முன்னால் நம்ப முடியாது. 2019-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. முன்னால் வைத்த தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஈடாகவே இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது, சாதாரண உணவுக்கு மாறியதும் அதே அளவு இறங்கியது. உடம்பின் கணக்கைக் குழப்புவதற்கென்றே வந்தது போன்ற சரக்கு வீட்டு அலமாரியில் அடுக்கி இருக்கும்போது, மனசை மட்டும் அமைதிப்படுத்திப் பயனில்லை. அதை வாங்கி அடுக்காமல் இருப்பது தடையாகாது. என்றாவது கடையில் நின்று ஒரு பாக்கெட் வாங்கித் தின்றுவிட்டு வருவதும் பாவமாகாது.

சோற்று விஷயத்துக்கு வருவோம். 2025-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்–இந்தியாப் கணக்குப்படி இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது; பெரும்பகுதி வெள்ளை அரிசி, மாவு, சர்க்கரை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை என்றாலும் இடைவெளி பெரிதுதான். இதைக் கேட்டதும் நம் ஆட்கள் செய்வது சோற்றை அடியோடு நிறுத்துவது. மூன்று வாரத்தில் ஓட்டலில் மீல்ஸ் வாங்கி இரண்டு முறை சோறு கேட்டு வாங்குவது. அதே 45-க்கு இன்னொரு வழியிலும் போகலாம், தட்டில் மற்றவற்றைக் கூட்டி. ஒரு கைப்பிடி பொரியல் இருந்த இடத்தில் இரண்டு கரண்டி, பருப்பு கொஞ்சம் கெட்டியாக, கூடவே ஒரு முட்டையோ மீனோ சுண்டலோ. சோற்றை யாரும் பறிக்கவில்லை. வயிற்றில் இடம் குறைந்ததால் அதுவே குறைகிறது. ஒரு எச்சரிக்கை: பறிப்பதைவிட இது செலவு கூடிய வழி. காய்கறி விலை ஏறுகிற மாதத்தில் சோறும் ரசமும்தான் கைகொடுக்கும் என்ற வீடுகளிடம் 45 சதவீதம் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

தட்டில் வகை கூடினால் அளவும் கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்திலேயே காட்டியது இது: ஒரு சுவையைத் தொடர்ந்து சாப்பிடச் சாப்பிட அந்தச் சுவைதான் சலிக்கிறது, வேறு சுவை வந்தால் ஆசை புதிதாக எழும். கல்யாண இலையில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் என்று தாண்டி "இனி ஒரு பருக்கை இறங்காது" என்றவருக்குப் பாயசம் வந்ததும் இடம் பிறப்பது இதனால்தான். கல்யாண வீட்டில் பரவாயில்லை, அதற்குத்தானே போகிறோம். அன்றாடத்துக்கு ஒரு குழம்பு, ஒரு காய், மோர் என்ற பழைய ஒழுங்கில் ஒரு நிதானம் இருந்தது.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த நிம்மதி எல்லாம் பொருந்துமா? அளவு அவருக்கு நிச்சயம் முக்கியம், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் முழுத்தடை அவரிடம் உண்டாக்குவது திருட்டுச் சாப்பாட்டைத்தான். யார் கணக்கிலும் வராத, மருத்துவரிடம் சொல்லப்படாத சாப்பாடு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கணக்கில், எல்லார் முன்னாலும் மதியச் சாப்பாட்டின் முடிவில், அன்றைய சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுகிற அரைத் துண்டு இனிப்பு, நடுராத்திரியில் இருட்டில் விழுங்குகிற இரண்டு துண்டைவிட எவ்வளவோ மேல். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், இனிப்பைச் சாப்பிட்டுவிட்டோமே என்று அடுத்த வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டு ஓர் அளவு வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டில் இருப்பவர்கள் போலீஸ் வேலை பார்ப்பதை விட்டாலே பாதி ஒளிவுமறைவு நின்றுவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் போலீஸ் வேலை இன்னும் மோசமாகத் திருப்பியடிக்கும். லியன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர், சின்னக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு பிஸ்கட்டுகளைக் கொடுத்தார். ஒன்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மற்றது கண்ணுக்குத் தெரியும் ஜாடியில் இருக்கும், கொஞ்ச நேரம்தான் அனுமதி. 1999-ல் வெளியான முடிவு எந்தத் தாயும் ஊகிக்கக்கூடியதுதான்: பிள்ளைகளின் கண்ணும் பேச்சும் கையும் ஜாடி மேலேயே இருந்தன. தட்டைக் காலி செய்யச் சொல்லிப் பழக்கிய குழந்தைகள் தங்கள் வயிறு சொல்வதைக் கவனிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பர்ச் காட்டியிருக்கிறார்.

இதற்கு எலின் சாட்டர் என்ற உணவியலாளர் சொல்லும் வேலைப் பிரிவினை எனக்குப் பிடிக்கும். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வரை துரத்தி, நிலாவையும் இப்போது போனையும் காட்டி ஊட்டுகிற நம் ஊருக்கு இது கல் நெஞ்சமாகத் தோன்றலாம். பாட்டிகள் ஒரு வாரத்துக்குப் பேசமாட்டார்கள். ஆனால் கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கிற குழந்தை சாப்பிடக் கற்றுக்கொள்ளவில்லை, விழுங்கத்தான் கற்றுக்கொள்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு உட்கார்ந்து கொஞ்சமே சாப்பிட்டு எழுந்த, உடம்புக்கு ஒன்றுமில்லாத பிள்ளை அடுத்த வேளைக்குப் பசியோடு வரும்.

நாம் ஒருவருக்கொருவர் பேசுகிற விதமும் இதில் சேர்த்தி. ஒரு விசேஷத்துக்குப் போனால் வாசலிலேயே "என்னம்மா, போன தடவைக்கு இப்போ வெயிட் போட்டுட்ட போல" என்பார் ஒரு அத்தை. பந்தியில் அதே அத்தை, "என்ன இது, கோழி கொறிக்கிற மாதிரி" என்று கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பார். இரண்டுமே பிரியம்தான், சந்தேகமில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு முதலாவது வருடக்கணக்கில் காதில் ஒலிக்கும். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "எப்படி இருக்கே, பரீட்சை எப்படிப் போச்சு" என்று கேட்டாலும் பிரியம் குறைந்துவிடாது. இரண்டாவதற்கு இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்து "போதும் அத்தை, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லிப் பழக வேண்டியதுதான். முதல் இரண்டு முறை கோபித்துக்கொள்வார்.

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணப் பதற்றம் உள்ளவர்களுக்கு. அந்த எல்லையைத் தாண்டிய நிலை ஒன்று உண்டு, அதை அறிவுரையால் சரி செய்ய முடியாது. சாப்பிட்டதை விரலை விட்டு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, வாரத்தில் பலமுறை நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் ஒளிவது, எடை வேகமாக இறங்கி மாதவிடாய் நின்றுபோவது, சுத்தமான உணவு என்ற பிடிவாதத்தில் வீட்டுச் சாப்பாட்டையும் நண்பர்களையும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவது: இவை நோயின் அறிகுறிகள். பெண்களுக்குத்தான் வரும் என்பதும் இல்லை; ஜிம்முக்குப் போகும் பையன்களிடம் இது, கொழுப்பைக் கரைக்கிற 'கட்டிங்' என்ற பெயரில் கண்ணில் படாமல் போய்விடுகிறது. மனநல மருத்துவர், பொது மருத்துவர், உணவியல் நிபுணர் மூவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய விஷயம் இது. சீக்கிரம் போனால் குணமாகும் வாய்ப்பு அதிகம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.